மூன்றாவது கொக்கிக்குக் கீழே ஒரு கறை

சென்ற ஆண்டு விநாயகர் சதுர்த்திக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தபோது, விருத்தாசலத்தில் என் தங்கை நடத்தும் செராமிக் பட்டறையில் நடந்தது இது.

பட்டறையில் சாமி பொம்மைகள் செய்கிறார்கள். அந்தச் சமயத்தில் உள்ளங்கை உயரப் பிள்ளையார்தான் முழு வேலையும். களிமண்ணைத் தண்ணீர் விட்டு மோர்க்குழம்பு பதத்துக்குக் கரைத்து, பிளாஸ்டர் அச்சுக்குள் ஊற்றுவார்கள். அச்சு தண்ணீரை இழுத்துக்கொள்ள, ஓரமெல்லாம் மண் படிந்து கெட்டியாகும். மிச்சத்தை வடித்துவிட்டு அச்சைப் பிரித்தால் பிள்ளையார் வெளியே வருவார். அந்தக் கரைசலை ஸ்லிப் என்பார்கள். வாளியில் அள்ளிச் சுமக்கும் வேலையை மிச்சப்படுத்த, தங்கை ஸ்லிப் தொட்டியை நான்கு இரும்புக் கால்களின் மேல் உயரத்தில் ஏற்றியிருந்தாள். தொட்டியின் கனத்தைத் தாங்குபவை இரண்டு சேனல்கள், அதாவது குறுக்கே கிடக்கும் இரும்பு உத்திரங்கள். அவற்றின் முனைகள் கால்களோடு வெல்டிங் செய்யப்பட்டிருந்தன. தொட்டி நிறைந்தால் இரண்டு டன்னுக்குக் குறையாது. அதிலிருந்து ரப்பர் குழாய் வழியாக ஸ்லிப் தானாகவே இறங்கும்.

மேலே தகரக் கூரை. மத்தியானம் பட்டறை முழுவதும் வேகும். தொட்டிக்கு அடியில் மட்டும் குளுகுளுவென்று இருக்கும். அதனால் அச்சு வார்க்கும் ஆறு பெண்களும் அங்கேயே சாக்கை விரித்து உட்கார்ந்து வேலை பார்ப்பார்கள். சாப்பிடுவதும் அங்கேதான்.

ஸ்லிப்பைச் சும்மா விட்டால் மண் அடியில் தங்கி இறுகிவிடும். ஆகவே சாயந்திரம் தொட்டி காலியாகும் வரை உள்ளே ஒரு துடுப்பு சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குத் தொட்டியின் மேலே ஒரு மோட்டார். அந்த மோட்டார்தான் என் கவலை.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒரு பெரிய தொழிற்சாலையில் வெல்டிங் சோதனைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். எதையும் எண்ணிப் பார்க்காமல் இருக்க முடியாது. வீட்டைப் பூட்டிய பிறகு திரும்பிப் போய் பூட்டை இழுத்துப் பார்ப்பவன். நான் பஸ்ஸில் ஏறினால் டிரைவருக்கே பயம் வந்துவிடும் என்று தங்கை சொல்வாள்.

அதற்கு முந்தைய ஆண்டு, தொட்டியின் கால் மூட்டு ஒன்றில் வெல்டிங் ஓரமாக முடி போல ஒரு விரிசல் வந்தது. இரும்பு ஒரேயடியாகப் பாரம் தாங்காமல் ஒடிவது அபூர்வம். தாங்கக்கூடிய பாரத்தையே திரும்பத் திரும்ப ஏற்றி இறக்கினால் அது ஒரு கட்டத்தில் சோர்ந்து விரிசல் விடும். கம்பியை இப்படியும் அப்படியுமாக வளைத்து ஒடிக்கிறோமே, அதே சங்கதிதான். அந்தச் சோர்வு பெரும்பாலும் தொடங்குவது வெல்டிங் முடிகிற ஓரத்தில். அங்கே கண்ணுக்குத் தெரியாத வெட்டு ஒன்று இருக்கும். அந்த ஓரத்தைக் கிரைண்டரால் வழவழப்பாக வழித்து, உருண்டை முனைச் சுத்தியலால் நெருக்கமாகத் தட்டினால், இரும்பின் மேல்தோல் அமுங்கி இறுகும். விரிசல் பிறப்பது தள்ளிப்போகும். எவ்வளவு தள்ளிப்போகும் என்று மதிப்பிடுவதுதான் என் உத்தியோகமாக இருந்தது.

அப்போது விரிசல் விட்ட மூட்டைப் புதிதாக வெல்டிங் வைத்து, நான்கு மூட்டுகளையும் இப்படிப் பலப்படுத்தச் செய்தேன். பக்கத்திலேயே நின்று வெல்டரைப் படாதபாடு படுத்தினேன். "ஐயா, இது தொட்டி ஸ்டாண்டா, ராக்கெட்டா?" என்று அவர் கேட்டார். ஆனாலும் வேலையை ஒழுங்காகச் செய்தார்.

பிறகு தங்கை பழைய மோட்டாரைக் கழற்றிவிட்டுக் கனமான ஒன்றை மாட்டினாள். அதிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. பண்டிகை வேலை மும்முரமானபோது அவளே போன் செய்தாள்.

"வந்து ஒரு பார்வை பாத்துட்டுப் போயிடு அண்ணே. நீ வூட்ல உக்காந்துகிட்டு தெனம் தொட்டி எப்படி இருக்குதுன்னு கேக்கறதுக்கு இது எவ்வளவோ தேவல."

போனேன். நான் பையைத் திறப்பதற்குள் அவள் தன் சோதனையை முடித்துவிட்டாள். எங்கள் ஊரில் சூளையில் வெந்த சாமானை விரல் முட்டியால் தட்டிக் காதால் பார்ப்பார்கள். கணீரென்றால் நல்லது, சொத்தென்று கேட்டால் உள்ளே விரிசல். அவள் ஒரு ஸ்பேனரை எடுத்துச் சேனலில் தட்டினாள்.

"கேட்டியா? கோயில் மணியாட்டம் இருக்குது."

சுற்றி உட்கார்ந்திருந்த பெண்களும் தலையாட்டினார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. பாதி வெடித்த இரும்பும் கணீரென்றுதான் கேட்கும் என்றேன். பொம்மைக்குச் சூளையில் ஒரு நாள் பரீட்சை. இரும்புக்குத் துடுப்பு சுற்றுகிற ஒவ்வொரு சுற்றும் பரீட்சை என்று விளக்கினேன். சேனலில் உள்ளங்கையை வைத்தபோது, துடுப்பின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு ஆட்டம் கையில் தட்டியது. கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். நிமிடத்துக்கு நாற்பது. ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம், ஆண்டுக்கு முந்நூறு நாள் என்று வைத்தால் எழுபத்திரண்டு லட்சம் ஆட்டம்.

"எழுபத்திரண்டு லட்சமா? அத்தனை பிள்ளையார வித்திருந்தா நான் ஏன் இந்தப் புழுதியில நிக்கிறேன்?" என்றாள் தங்கை. பெண்கள் சிரித்தார்கள்.

நான்கு மூட்டுகளையும் துடைத்து, சிவப்புச் சாயம் அடித்து, ஊறவிட்டு, துடைத்து, வெள்ளை மருந்தைத் தெளித்துப் பார்த்தேன். விரிசல் இருந்தால் உள்ளே இறங்கிய சிவப்பு, வெள்ளையின் மேல் கோடாகக் கசிந்து வரும். நான்கிலும் ஒரு புள்ளிகூட வரவில்லை. கூடுதல் கனத்துக்கும் அந்த மூட்டுகள் பல ஆண்டு தாங்கும் என்று என் கணக்கு சொன்னது. அதைத் தங்கையிடமும் சொன்னேன்.

அத்தோடு நான் கிளம்பியிருக்க வேண்டும். ஆனால் கையில் தட்டிய ஆட்டம் மனதை விட்டுப் போகவில்லை. மூட்டுப் பக்கத்தில் மெல்லிசாக இருந்தது, சேனலின் நடுப்பகுதியில் பலமாக இருந்தது. அப்படித்தான் இருக்கும், புத்தகமும் அதைத்தான் சொல்லும். இருந்தும் மறுநாள் காலையில் மறுபடி போய் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். "ஐயாவுக்கும் ஒரு அச்சு குடுங்கடி, சும்மாதான உக்காந்திருக்காரு" என்று ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது. விழட்டும் என்றுதான் சொன்னார்.

மத்தியானச் சாப்பாட்டு வேளை. பெண்கள் இரண்டு சேனல்களில் ஒன்றில் மாட்டியிருந்த பைகளை எடுத்தார்கள். அந்தச் சேனலின் அடி விளிம்பில் வரிசையாக ஆறு கொக்கிகள் இருந்தன. தரையில் வைத்தால் எறும்பு ஏறுகிறது என்று, முந்தைய ஆண்டு மூட்டு வேலை முடிந்ததும் பெண்கள் வெல்டரிடம் கேட்டு ஒட்டவைத்துக்கொண்டவை. ஆளுக்கு ஒரு கொக்கி. வந்ததிலிருந்து அவை என் கண்ணில் பட்டுக்கொண்டுதான் இருந்தன. பை மாட்டுகிற கொக்கியாகத்தான் பட்டன.

அப்போது இரண்டு பேருக்குள் வாய்ச்சண்டை வந்தது. ஒருவர் நல்லூரிலிருந்து வருகிற இளம்பெண். சுத்தம் அதிகம் பார்ப்பவர். மற்றவர் கம்மாபுரத்திலிருந்து பஸ்ஸில் வருபவர்; ஆறு பேரில் மூத்தவர்.

"அக்கா, உன் குழம்பு மறுபடியும் ஒழுகியிருக்குது பாரு. காலையிலதான் தொடச்சேன்" என்றார் நல்லூர்க்காரர், கொக்கியைக் காட்டி.

"என் குழம்பா? உன் வாய்க்குப் பயந்து டப்பாவையே மாத்திட்டேன். மூணு நாளா தயிர்சோறுதான்டி கொண்டாறேன்."

"அப்ப ஊறுகாயா இருக்கும்."

"ஊறுகாய் இந்தா என் மடியில இருக்குது. எடுத்துக் காட்டுனா பாதிய நீ தின்னுடுவ, அதான் காட்டல."

எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் கையிலிருந்த டீ டம்ளரைக் கீழே வைத்தேன்.

எழுந்து போய் எந்தக் கொக்கி என்று கேட்டேன். மூன்றாவது. சேனலின் ஏறக்குறைய நடு. அந்தப் பட்டறையில் எதன் மேல் பார்த்தாலும் வெள்ளைப் புழுதி படிந்திருக்கும். அந்த வெள்ளைக்கு நடுவே, கொக்கியின் அடியிலிருந்து கீழ்நோக்கி, பழுப்பாக ஒரு சிறு கறை. தொட்டேன். குழம்பு என்றால் பிசுபிசுக்கும். இது மாவாக இருந்தது. விரலில் தேய்த்தால் துருப்பொடி. விரிசல் விட்ட இரும்பின் இரண்டு பக்கங்கள் ஒன்றோடொன்று உரசினால்தான் அந்த மாவு வரும்.

"தொடச்சா எப்ப திரும்ப வருது?" என்று கேட்டேன்.

"சாயந்திரத்துக்குள்ளயே வந்துடுதுங்க ஐயா" என்றார் நல்லூர்க்காரர். "ரெண்டு வாரமா இதே ரோதனைங்க."

"எல்லாரும் எழுந்து வெளிய போங்க" என்று கத்தினேன்.

"சோறு தட்டுல இருக்குதுங்களே ஐயா."

"தட்டோட போங்க!"

போனார்கள். நான் நேராகப் போய் மோட்டார் சுவிட்சை அணைத்துவிட்டு அதன் முன்னால் நின்றுகொண்டேன். சத்தம் நின்றதைக் கேட்டுத் தங்கை சூளைப் பக்கத்திலிருந்து ஓடி வந்தாள்.

"யாரு நிறுத்துனது?"

"நான்தான்."

"அண்ணே, ஸ்லிப்பு தங்கிடும். தொட்டி நெறைய இருக்குது. நாளைக்குச் சூள ஏத்தணும், லாரிக்காரன் வந்து நிப்பான். தள்ளு."

"தள்ள மாட்டேன்."

"நாலு மூட்டும் நல்லா இருக்குதுன்னு நேத்து நீதான சொன்ன?"

"மூட்டு நல்லாத்தான் இருக்குது. கொக்கிதான் நல்லா இல்ல."

"கொக்கியில என்ன தொங்குது? சோத்துப் பை! தயிர்சோத்துக்கு இரும்பு ஒடியுமா? ஊர்ல கேட்டா சிரிப்பாங்க." சொல்லிக்கொண்டே போய் ஸ்பேனரால் சேனலைத் தட்டினாள். அது கணீரென்றது. "இதுக்கு என்ன சொல்ற?"

தயிர்சோற்றுக்கு ஒடியாது. கொக்கியை ஒட்டவைத்த இடத்தில் ஒடியும். கொக்கிக்கென்று வைத்த சின்ன வெல்டிங்குக்கும் ஓரம் உண்டு, அந்த ஓரத்திலும் வெட்டு உண்டு. அதை யாரும் வழிக்கவில்லை, தட்டவில்லை. தொட்டி ஆடும்போது சேனலின் அடி விளிம்புதான் அதிகம் இழுபடும், அதிலும் நடுப்பகுதி. நான்கு மூட்டுகளைப் பலப்படுத்தியதால் ஆட்டம் குறைந்துவிடவில்லை. பலப்படுத்தாத ஓரத்தை அது தேடிக்கொண்டது. இதையெல்லாம் மூச்சு வாங்கச் சொன்னேன். அவள் முகத்தில் கோபம் குறையவில்லை. ஆனால் நான் நகரப் போவதில்லை என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. சின்ன வயதிலிருந்தே என்னைப் பார்க்கிறவள்.

"ஸ்லிப்பு அரை மணி தாங்கும்" என்றாள். "அதுக்குள்ள காட்டு. காட்டலன்னா நானே போய் சுவிட்சப் போடுவேன்."

முதலில் சேனலுக்கு முட்டுக் கொடுக்க வேண்டும் என்றேன். அதற்கும் முணுமுணுத்தாள். சூளையில் வேலை பார்க்கும் இரண்டு ஆட்கள் கனமான சவுக்குக் கட்டைகளைக் கொண்டு வந்து, பக்கவாட்டில் நின்றபடி, சேனலின் அடியில் நெம்பி நிறுத்தி ஆப்பு அடித்தார்கள். அதன் பிறகுதான் நான் ஸ்டூலைப் போட்டேன். மூன்றாவது கொக்கியின் சுற்றுப்புறத்தைப் பெயிண்ட் போகத் தேய்த்து, துடைத்து, சாயத்தை அடித்தேன். அது ஊறக் காத்திருந்தோம். கம்மாபுரத்துக்காரர் மட்டும் வாசலில் நின்று தட்டில் இருந்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தங்கை என் ஸ்டூலைப் பிடித்துக்கொள்ள வந்தாள். போ என்றேன். "நீ இங்க நிக்கறப்ப நான் எங்க போறது?" என்று அங்கேயே நின்றாள்.

சாயத்தைத் துடைத்து வெள்ளையைத் தெளித்தேன்.

முதலில் கொக்கியின் அடியில் ஒரு சிவப்புப் புள்ளி வந்தது. பிறகு அது இரண்டு பக்கமும் நீண்டது. அடி விளிம்பை முழுதாகக் குறுக்கே கடந்தது. திரும்பி, சேனலின் நிமிர்ந்த பக்கத்தில் மேலே ஏறியது; நான் வெள்ளை தெளித்திருந்த இடம் முடிந்த பிறகுதான் கண்ணுக்கு மறைந்தது. மேலேயும் பெயிண்டைத் தேய்த்து, சாயம் போட்டுத் துடைத்து, எஞ்சியிருந்த மருந்தைத் தெளித்தேன். கோடு பாதி உயரம் தாண்டிப் போய் நின்றது.

தங்கைக்கு விளக்கம் தேவைப்படவில்லை. மேல்பூச்சில் முடி வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்க, வெந்த பொம்மைமேல் இங்க்கைத் தடவித் துடைத்துப் பார்ப்பது அவளுக்குத் தினசரி வேலை. வெள்ளையில் கோடு தெரிந்தால் அந்த பொம்மை கழிவுக்குப் போகும். விரலை அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோனவள், தொடாமல் இழுத்துக்கொண்டாள்.

"அடியில உக்காந்துதான அத்தனை பேரும் சோறு தின்னாங்க" என்றாள் மெதுவாக.

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். பக்கத்துப் பட்டறைகளிலிருந்து காலி டிரம்கள் உருண்டு வந்தன. குழாயோடு இன்னொரு குழாயைச் சேர்த்து நீட்டி, எல்லோரையும் தள்ளி நிறுத்தி, ஸ்லிப்பை டிரம்களுக்கு இறக்கினாள். அது தங்கிவிடாமல் இருக்க ஒவ்வொரு டிரம்மையும் கழியால் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். பெண்கள் ஆளுக்கொரு டிரம்மைப் பிடித்துக்கொண்டார்கள். நான் வழக்கப்படி டிரம்களை எண்ண ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் என் கையிலும் ஒரு கழியைக் கொடுத்துவிட்டார்கள், எண்ணிக்கை விட்டுப்போனது. "ஐயா, சும்மா தடவாதீங்க, அடியிலிருந்து கிண்டுங்க" என்று நல்லூர்க்காரர் அதட்டினார். கிண்டினேன். தோள்பட்டை ஒரு வாரம் வலித்தது.

மறுநாள் காலையில் அதே வெல்டர் வந்தார். காலித் தொட்டியைச் செயின் போட்டுத் தூக்கி நிறுத்திவிட்டு, அந்தச் சேனலை இரண்டு முனையிலும் அறுத்துக் கீழே இறக்கினார். முற்றத்தில் இரண்டு கருங்கல்லின் மேல் குறுக்காகக் கிடத்தி, கொக்கிகள் இருக்கும் விளிம்பு கீழே பார்க்கும்படி வைத்து, சம்மட்டியால் நடுவில் அடிக்கச் சொன்னேன். முதல் அடியில் வாய் பிளந்தது. இரண்டாவது அடியில் இரண்டாகப் போனது.

வெல்டர் சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டார். "அக்காமாருங்க கேட்டாங்கன்னு அஞ்சு நிமிஷத்துல வச்சுக் குடுத்தேங்க ஐயா" என்றார். அவரை மட்டும் எப்படிக் குறை சொல்வது? நானும் அந்தக் கொக்கிகளின் கீழே நடந்து போனவன்தானே.

ஒடிந்த முகத்தை எல்லோரும் குனிந்து பார்த்தோம். கொக்கியின் காலிலிருந்து விசிறி விரித்த மாதிரி, வழவழவென்று, பழுப்பும் கறுப்புமாக வரி வரியாக இருந்தது. அது நாள்பட நகர்ந்த விரிசல். அதற்கு மேல், கற்கண்டை உடைத்தது போலப் பளபளவென்று இருந்தது அப்போது ஒடிந்த இரும்பு. அதுவரை பிடித்துக்கொண்டிருந்தது அவ்வளவுதான். நல்லூர்க்காரர் தன் விரல்களை அதன் மேல் வைத்துப் பார்த்தார். மூன்று விரலுக்குள் அடங்கிவிட்டது.

"மூணாவது கொக்கி என்னுது" என்றார் கம்மாபுரத்துக்காரர். "அதுக்கு நேர் கீழதான் நான் குந்துவேன்." சொல்லிவிட்டு அந்தக் கருங்கல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். தங்கை தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள்.

நல்லூர்க்காரருக்கு அழுகை வந்துவிட்டது. "தெனம் நான்தாங்க்கா தொடச்சேன். அது வந்து வந்து காட்டிச்சு. நான் தொடச்சுத் தொடச்சு வுட்டேன். இனிமே உன் குழம்ப ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

கம்மாபுரத்துக்காரர் தண்ணீரைக் குடித்து முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டார். "சொல்லுடி. நீ சொல்லப் போயிதான அது ஐயா காதுல வுழுந்துச்சு."

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். அழுதுகொண்டிருந்தவரும் சிரித்தார். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். அதில் புழுதி படிந்திருந்தது என்றுதான் தங்கையிடம் சொன்னேன்.

புதுச் சேனலில் எதையும் ஒட்டவிடவில்லை. அதன் மூட்டுகளை வழித்துத் தட்டும்போது வெல்டர் ராக்கெட் பேச்சே எடுக்கவில்லை. நான் போதும் என்ற பிறகும் இன்னொரு முறை தட்டினார். பைகளை மாட்டச் சுவரில் மரச்சட்டம் அடித்தாயிற்று. தொட்டிக்கு அடியில் கயிறு கட்டி அந்த இடத்தை மறித்துவிட்டு, பெண்கள் உட்காரும் இடத்தை ஜன்னல் பக்கம் மாற்றினாள் தங்கை. அங்கே வெக்கை அதிகம் என்று முதல் நாளே சண்டை. இரண்டு மின்விசிறி வாங்கிப் போட்டாள். பிள்ளையார்கள் ஒரு நாள் தாமதமாக லாரி ஏறினார்கள்.

அந்த நான்கு மூட்டுகளைப் பற்றி நான் சொன்ன மதிப்பீட்டில் தப்பில்லை. இன்று சோதித்தாலும் அதையேதான் சொல்வேன். அதை நினைத்தால்தான் எனக்கு இப்போதும் பயம். கணக்கு முழுவதும் சரியாக இருந்தது; அந்தச் சரியான கணக்குக்குக் கீழே ஆறு பேர் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இப்போதும் யாராவது என்னைக் கூப்பிட்டு ஒரு வெல்டிங்கைக் காட்டி இது தாங்குமா என்று கேட்கிறார்கள். சாயத்தையும் மருந்தையும் பையிலிருந்து எடுப்பதற்கு முன், அதற்கு அடியில் வேலை செய்கிறவர்களோடு உட்கார்ந்து ஒரு டீ குடிக்கிறேன். அவர்கள் அன்றாடம் எதைப் பற்றிச் சலித்துக்கொள்கிறார்கள் என்று காது கொடுத்துக் கேட்காமல், எந்த இரும்பையும் நல்லது என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.